நாலு துப்பாக்கி, ஒரு மருமகன்: மான் வேட்டைக்கு எடை குறைந்த ரைஃபிள் எது?

மருமகன் வாட்ஸப்பில் அனுப்பிய நாலு படத்திலும் துப்பாக்கி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. நீளமாக ஒரு குழல், தோளில் வைக்கிற பகுதியில் சாம்பலும் கறுப்புமாகக் கட்டை. ஒன்றுக்கு மட்டும் மரக்கட்டை. கீழே ஒரு வரி: "மாமா, இதுல எது? வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க." பாளையங்கோட்டை ஆயுதப்படையில் முதலில் .303 ரைஃபிள், அப்புறம் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். என்று தோளில் போட்டுக்கொண்டு அலைந்தவன் நான். அதனால் உலகத்துத் துப்பாக்கியெல்லாம் எனக்குத் தெரியும் என்று தங்கச்சி மகன் நம்பிக்கொண்டிருக்கிறான்.

அவன் இருப்பது நியூசிலாந்தில், பாமர்ஸ்டன் நார்த் பக்கம் ஒரு பால் பண்ணையில். அந்த நாட்டு மண்ணுக்கென்று மானே கிடையாது. வௌவாலைத் தவிர தரையில் வாழும் பாலூட்டி எதுவுமே அங்கே இயற்கையாக இல்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்ட செம்மான் பெருகி மலைக்காட்டைத் தின்று தீர்ப்பதால், லைசென்ஸும் அனுமதிச் சீட்டும் உள்ளவர்கள் அரசு நிலத்திலேயே வேட்டையாடலாம். மருமகன் பாடம் படித்து, பரீட்சை எழுதி, வீட்டில் இரும்புப் பெட்டி பதித்து, லைசென்ஸ் வாங்கிவிட்டான்.

நம் பக்கம் கதையே வேறு. 1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் களக்காடு, முண்டந்துறை மலையில் மிளா என்கிற கடமானைப் பார்த்தால் பார்த்துக்கொண்டே போகவேண்டியதுதான், அதுவும் வண்டியை விட்டு இறங்காமல். கங்கைகொண்டானில் புள்ளிமானுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. ஆகவே இது அம்பாசமுத்திரத்தில் துப்பாக்கி தேடுகிறவருக்கான கட்டுரை இல்லை. வேட்டைக்குச் சட்டம் இடம்கொடுக்கிற நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கானது. ஒரு விசித்திரம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மருமகன் இருக்கும் மானாவட்டு வட்டாரத்தில் மிளாவும் உண்டு. 1875 வாக்கில் இலங்கையிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய் விட்டவற்றின் வாரிசுகள். இங்கே சோதனைச் சாவடிக்கு அந்தப்பக்கம் நிற்கிற சாதி, அங்கே மாட்டுப்பண்ணை வேலி தாண்டி வருகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்லவில்லை. மார்ச் கடைசியில் நானும் வீட்டுக்காரியும் அங்கே போவதாக ஏற்கெனவே டிக்கெட் போட்டிருந்தோம். "நான் வந்து கையில் எடுத்துப் பார்க்கிறேன், அதுவரை பொறுடே" என்றேன். லைசென்ஸ் உள்ளவர் கூடவே நின்றால் மற்றவரும் சுடலாம் என்பது அந்த ஊர் விதி. பண்ணை மேனேஜர் பழைய வேட்டைக்காரர், நல்ல மனுஷன். அவர் தயவில் மூன்றைச் சுட்டுப் பார்த்தேன். நாலாவதைக் கடையில் தூக்கி, தோளில் வைத்து, தோட்டா ஏற்றுகிற கைப்பிடியான போல்ட்டை இழுத்துப் பார்த்ததோடு சரி.

பட்டியலில் இருந்தவை இவை. ரூகர் அமெரிக்கன்: அமெரிக்கத் தயாரிப்பு, நாலிலும் மலிவு, சுமார் 2.8 கிலோ. டிக்கா டி3எக்ஸ் லைட்: பின்லாந்தில் சாக்கோ கம்பெனி செய்வது, நடுத்தர விலை, 2.9 கிலோ. வின்செஸ்டர் மாடல் 70 ஃபெதர்வெயிட்: மரக்கட்டை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கடைசியாக கிம்பர் 84எம் மொன்டானா: மேனேஜரின் நண்பர் விற்க வைத்திருந்த பழசு, வெறும் 2.3 கிலோ. நாலும் போல்ட் ஆக்‌ஷன், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுக்கவேண்டும். 2019-இல் கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் பெரிய ரைஃபிள்களை அங்கே தடை செய்துவிட்டார்கள்; அதனால் அந்தப் பேச்சே எழவில்லை.

மருமகனுக்கு ஆரம்பத்திலிருந்தே கிம்பர் மேல்தான் கண். காரணமும் சரியாகத்தான் இருந்தது. அவன் வேட்டைக்குப் போகிற ருவாஹினி மலை கிட்டத்தட்ட நம் களக்காட்டு மலை மாதிரி; அடியிலிருந்தே செங்குத்து. காலையில் ஆற்றங்கரையில் தொடங்கினால் மதியம் வரை ஏற்றம்தான். மேலே போனால் மரம் கிடையாது, இடுப்பளவு புல்லும் காற்றும்தான். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு அண்டா குண்டாவோடு போனவனுக்குத் தெரியும், கடைசி ஒரு மைலில் கையில் இருக்கிற சொம்புகூடக் கனக்கும் என்று. துப்பாக்கியில் அரை கிலோ குறைந்தால் யாருக்குத்தான் வேண்டாம்?

ஆனால் கடையில் எழுதியிருக்கிற எடையை யாரும் மலைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. நான் ஒரு துண்டுத்தாளை எடுத்து எழுதினேன். குறி பார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப் 400 கிராம். அதைப் பிடிக்கிற வளையங்கள் 100. தோள்வார் 100. தோட்டா நாலு, ஒரு நூறுக்கு உள்ளே. அப்புறம் சப்ரஸர். நம் ஊரில் சைலன்ஸர் என்றால் சினிமா வில்லன் சாமான். அங்கே அது தனி அனுமதி இல்லாமல் கடையில் கிடைக்கிற சாதாரணப் பொருள். சத்தம் மொத்தமாகப் போய்விடாது, குண்டு ஒலியை மிஞ்சிப் போகும்போது வருகிற வெடிப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் காது பிழைக்கும், உதையும் குறையும். அதற்கு இன்னொரு 350 கிராம், நீளத்திலும் ஒரு சாண். ஆக எந்தத் துப்பாக்கி எடுத்தாலும் மேலே ஒரு கிலோ ஏறுகிறது. 2.3-க்கும் 2.9-க்கும் காகிதத்தில் கால் பங்கு வித்தியாசம். மலையில் அது 3.3-க்கும் 3.9-க்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே.

அப்புறம் இன்னொன்று, ஏறுகிறவன் நினைக்காதது. மான் கிடைத்தால் திரும்பும்போது முதுகில் இருபத்தைந்து கிலோ இறைச்சி.

எடை குறைந்தால் கால் சந்தோஷப்படும், தோள் அழும். குண்டு முன்னால் எவ்வளவு வேகத்தில் போகிறதோ அதற்கு ஏற்றபடி துப்பாக்கி பின்னால் வரும். துப்பாக்கி லேசானால் உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். .308 என்கிற வகைத் தோட்டா, 150 கிரெயின் (பத்து கிராமுக்குக் கொஞ்சம் கீழ்) குண்டு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். சப்ரஸர் இல்லாமல் ஸ்கோப்போடு 2.8 கிலோ வருகிற கிம்பரில் சுமார் 25 ஜூல். 3.4 கிலோ வருகிற டிக்காவில் 20 சொச்சம். நான் பழகிய .303 ரைஃபிளில், அது வெறும் எடையே நாலு கிலோ என்பதால், 16-ஐ ஒட்டித்தான். பதினாறே போதும், புதிதாகச் சேர்ந்த பையன்கள் முதல் நாள் ரேஞ்சில் தோளைத் தடவிக்கொண்டு சாப்பாட்டுக்கு வருவதற்கு.

தோள் வலி பெரிய விஷயமில்லை, மஞ்சப்பத்து போட்டால் சரியாகும். கெட்ட பழக்கம் வந்துவிடும் என்பதுதான் பயம். உதைக்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், ட்ரிகரை அழுத்துகிற நொடியில் கண் மூடும், தோள் ஒடுங்கும், குழல் கீழே இறங்கும். சுடுகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. ரேஞ்சில் நாங்கள் இதைப் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தோம். நிஜத் தோட்டாக்களுக்கு நடுவில் ஒரு பொய்த்தோட்டாவைச் சொல்லாமல் செருகிவிடுவது. அது வருகிறபோது 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும், ஆனால் குழல் நாலு விரற்கடை குதிக்கும். பையன் வெட்கத்தில் சிவந்துபோவான். மருமகனுக்கு கிம்பரில் அதே சோதனையை வைத்தேன். ஐந்தாவது தோட்டா பொய். குழல் குதித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இதை கிம்பரின் குறை என்று சொல்லமாட்டேன். சொல்லப்போனால் நாலில் வேலைப்பாடு மிகுந்தது அதுதான். தோட்டா அடுக்குகிற மேகசின் அடியில் தட்டு இல்லாமல் மூடியது, கழன்று விழ ஒன்றுமில்லை. தோட்டாவின் விளிம்பை மேகசினிலிருந்தே பற்றிக்கொண்டு உள்ளே தள்ளுகிற பெரிய நகம், பழைய ஜெர்மன் மவுசர் துப்பாக்கியின் முறை. பாதுகாப்புக் குமிழுக்கு மூன்று நிலை: நடுவில் வைத்தால் ட்ரிகர் பூட்டியிருக்கும், போல்ட் மட்டும் அசையும், பயமில்லாமல் தோட்டாவை வெளியே எடுக்கலாம். அறுபது கிலோ மனுஷன் வாரத்துக்கு நாலு நாள் மலையேறி, வருஷத்துக்கு நூறு தோட்டா பயிற்சிக்குச் செலவழிப்பவன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். லேசான துப்பாக்கி மூச்சு வாங்குகிற நெஞ்சோடு சேர்ந்து ஆடும். அதை அடக்கப் பழக்கம் வேண்டும். மெலிந்த குழலில் சப்ரஸருக்கு மரை வெட்டவும் நல்ல கைத்தேர்ச்சி உள்ளவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மருமகன் போன வருஷம்தான் முதல்முறையாகத் துப்பாக்கியைத் தொட்டவன். அவனுக்கு அது மூன்றாவது துப்பாக்கியாக இருக்கலாம், முதலாவதாக வேண்டாம்.

வின்செஸ்டரைப் பற்றிப் பேசும்போது நான் நடுநிலையாக இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். 1936-இல் வந்த மாடல் அது. 1964-இல் செலவைக் குறைக்க அந்தப் பெரிய நகத்தை எடுத்துவிட்டார்கள், அமெரிக்கர்கள் இன்றுவரை "64-க்கு முந்தியதா?" என்று கேட்டுத்தான் பழைய துப்பாக்கி வாங்குகிறார்கள். பிற்பாடு நகம் திரும்பி வந்தது. ஃபெதர்வெயிட் வந்தது 1952-இல், .308 தோட்டாவும் அதே வருஷம். கடையில் அதைத் தோளில் வைத்தபோது வால்நட் கட்டை கன்னத்தில் வந்து உட்கார்ந்தது, எனக்கு.303-ன் ஞாபகம். எடையும் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது, குறி ஆடவில்லை. ஆனால் ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொள்கிறதே, அந்தக் குணம் மரக்கட்டைக்கும் உண்டு. ஈரம் ஏறி ஊதினால் குழலைத் தொட்டு அழுத்தும். போன வாரம் நடுவில் விழுந்த குண்டு இந்த வாரம் நாலு விரல் தள்ளி விழும். ருவாஹினியில் மழை பெய்யாத நாளை எண்ணிவிடலாம். வருஷம் பூராவும் எண்ணெய் தடவிப் பார்த்துக்கொள்கிறவனுக்கு அது சரி. மருமகன் பைக்குக்கே ஆயில் மாற்றாதவன்.

ரூகரைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2011 கடைசியில் அறிவித்து 2012-இலிருந்து கடைக்கு வந்தது. விலையைப் பார்த்தால் ஏமாற்று மாதிரி தெரியும், சுட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. தோட்டா நாலு பிடிக்கிற சுழல் மேகசின். பாதுகாப்புப் பட்டன் கட்டை விரலுக்குக் கீழேயே. அது பூட்டிய நிலையிலும் போல்ட்டைத் திறந்து காலி செய்யலாம். கட்டை பிளாஸ்டிக், தட்டினால் தகரடப்பா சத்தம். போல்ட் முதலில் கொஞ்சம் கரகரப்பு, இருநூறு முறை இழுத்தால் பழகிவிடும். கையில் காசு குறைவென்றால் இதை வாங்கி, மிச்சத்தில் நல்ல ஸ்கோப்பும் பத்துப் பெட்டித் தோட்டாவும் வாங்குவதுதான் புத்தி. விலை கூடிய துப்பாக்கியும் மலிவு ஸ்கோப்பும் வைத்திருப்பவனை விட, மலிவுத் துப்பாக்கியும் நல்ல ஸ்கோப்பும் வைத்திருப்பவன் அதிகம் மான் கொண்டுவருவான். மேனேஜரோடு ஒரு நாள் போனபோது ஸ்கோப் வளையத்தின் திருகாணி லூஸாகி, நூறு மீட்டரில் நின்ற மானை அவர் தவறவிட்டார். மத்தியானம் முழுக்க ஒரு பாறை மேல் உட்கார்ந்து திருகாணி முடுக்கினோம். கையில் இருந்தது எந்தக் கம்பெனித் துப்பாக்கி என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

டிக்காவில் நான் எதிர்பார்க்காதது போல்ட். தண்ணீரில் கத்தி போகிற மாதிரிப் போகிறது. .303-ஐப் பழகியவனுக்குப் போல்ட் விஷயத்தில் கொஞ்சம் திமிர் இருக்கும். .303-இன் கைப்பிடியை அறுபது பாகைதான் தூக்கவேண்டும், கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றலாம். வின்செஸ்டரும் கிம்பரும் தொண்ணூறு பாகை. டிக்காவும் ரூகரும் எழுபது. குளிரில் கையுறை போட்டுக்கொண்டு, மேலே ஸ்கோப் தடித்து நிற்கிறபோது, அந்த இருபது பாகை இடம் விரலுக்குத் தெரிகிறது. ட்ரிகர் கண்ணாடிக்குச்சி ஒடிகிற மாதிரி, எஸ்.எல்.ஆரின் ட்ரிகரை இழுத்துப் பழகிய எனக்கு முதல் குண்டு நினைப்பதற்கு முன்பே போய்விட்டது. துருப்பிடிக்காத எஃகில் கிடைக்கிறது, சப்ரஸருக்கு மரை வெட்டிய குழலோடும் கிடைக்கிறது. 2016-இல் டி3-ஐ டி3எக்ஸ் ஆக்கியபோது கட்டைக்குள் நுரை வைத்துச் சத்தத்தைக் குறைத்து, தோள்பட்டை ரப்பரையும் மெத்தையாக்கிவிட்டார்கள்.

குறையும் உண்டு. மேகசின் பிளாஸ்டிக், மூன்றே தோட்டா. தொலைத்தால் இன்னொன்று வாங்க விலை வலிக்கும். குட்டைத் தோட்டாவுக்கும் நெட்டைத் தோட்டாவுக்கும் உடம்பு ஒரே நீளம்தான், ஆகவே குட்டைத் தோட்டாவில் நீளம் மிச்சமாகாது. பாதுகாப்பைப் பூட்டினால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும்; உள்ளே ஏறிய தோட்டாவை எடுக்க பாதுகாப்பைத் திறந்துதான் ஆகவேண்டும். இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நியூசிலாந்தில் எழுதிவைத்திருக்கிற ஏழு விதிகளில் ஒன்று, சுடப்போகிற நேரத்தில் மட்டுமே தோட்டாவை ஏற்று என்பது. அங்கே எல்லோரும் மேகசினில் தோட்டாவும் குழலின் அறை காலியுமாகத்தான் நடக்கிறார்கள். அப்படி நடந்தால் இந்தக் குறை பாதி கரைந்துவிடும்.

தோட்டா எது என்பதில் மருமகனோடு இரண்டு ராத்திரி வாக்குவாதம். அவன் .308 என்றான், கடைக்குக் கடை கிடைக்கும் என்று. எஸ்.எல்.ஆர். தோட்டாவின் கூடப்பிறப்பு அது, எனக்கும் அதன்மேல் பிரியம்தான். ஆனால் அதே .308 கூட்டை வாய்ப்பக்கம் சுருக்கி 1980-இல் 7 மில்லிமீட்டர்-08 என்று ரெமிங்டன் கொண்டுவந்தது அந்த ஊரில் அதேபோலக் கிடைக்கிறது. 140 கிரெயின் குண்டில் டிக்காவின் உதை 18 ஜூலுக்குள் வந்துவிடும். செம்மானுக்குத் தாராளம், மிளாவுக்கும் போதும். .243 இன்னும் மெத்து, பன்னிரண்டு ஜூல்தான். புள்ளிமான் அளவு விலங்குக்கு அருமை, ஆனால் மிளா என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை. 2007-இல் வந்த 6.5 கிரீட்மூரைப் பையன்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். நல்ல தோட்டாதான், முன்னூறு நானூறு மீட்டரில் அதன் அருமை தெரியும். காட்டுக்குள் எண்பது மீட்டரில் சுடுகிறவனுக்கு அதற்கும் 7 மில்லிமீட்டருக்கும் மான் வித்தியாசம் சொல்லாது.

கட்டையின் நீளத்தையும் பார்க்கச் சொன்னேன். மருமகன் குட்டைக் கை. டீ சர்ட்டோடு கடையில் தோளில் வைத்தால் எல்லாம் பொருந்தும். குளிருக்கு மேலே மேலே மூன்று சட்டை போட்டால் கட்டை அக்குளில் சிக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை, மலைக்குப் போடுகிற ஜெர்கினோடுதான் போய்ப் பார்க்க வேண்டும்.

எனவே என் கணக்கு இப்படி. காசு இடித்தால் ரூகர், யோசிக்காமல். துப்பாக்கியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வான், மழையில் போகமாட்டான் என்றால் வின்செஸ்டர். பத்து வருஷம் சுட்டுப் பழகி, முழங்கால் தேய ஆரம்பித்தவனுக்கு கிம்பர். மற்றவர்களுக்கு டிக்கா, 7 மில்லிமீட்டர்-08-இல்.

நாங்கள் ஊர் திரும்பின பிறகு மே மாதம் அவன் டிக்காதான் வாங்கினான், துருப்பிடிக்காத எஃகில். ஸ்கோப், வளையம், வார், சப்ரஸர் எல்லாம் மாட்டி, பண்ணையில் கன்றுக்குட்டிப் பால்பவுடர் நிறுக்கிற தராசில் போட்டுப் படம் அனுப்பினான். 3 கிலோ 870. கீழே ஒரு வரி: "மாமா, உங்க .303 எவ்வளவு இருக்கும்?"

"நாலு" என்று அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் வரவில்லை.